பதினான்கு திர்ஹம் சீல்

முன்னால் போகிறது, பின்னால்தான் போகவில்லை
என்றார் பக்ரி,
உறவுக்காரர் யாரோ படுத்திருப்பதைச் சொல்வதுபோல்.
தொண்ணூற்று மூன்று மாடல் கேப்ரிஸ்.
ரிவர்ஸ் போட்டால் இரைகிறது,
நகர்வதில்லை.

ஐந்து மாதமாக
மூக்கு வெளியே பார்க்க நிறுத்துகிறாராம்.
எதிரே சுவர் உள்ள இடம் காலியாக இருந்தாலும் வேண்டாமாம்.
ஒருமுறை அல் நஹ்தாவில் மாட்டிக்கொண்டு
ஜும்மா முடிந்து வந்த ஆறு பேர்
வெள்ளை உடுப்போடு தள்ளினார்களாம்.
அதில் இரண்டு பேர் இப்போது சிநேகிதர்கள்.

சனாயா பத்தில் ஆகஸ்ட்.
ஸ்பேனரைத் தண்ணீர் வாளியில் போட்டு எடுத்தால்தான்
கையில் பிடிக்க முடியும்.

பான் கழற்றினேன்.
சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய்
சுக்குக் காப்பி நிறத்தில், அடிப்பிடித்த வாசனையோடு.
டிரம்மைப் பிரித்தால்
நான்கு பிளேட்டில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் பூச்சு.
மற்ற மூன்றும் வெறும் இரும்பு.

தேய்ந்தது சரி, ஏன் தேய்ந்தது?
துவாரத்தில் காற்று அடித்தேன்.
பிஸ்டன் டப் என்று எழவேண்டும்.
ஸ்ஸ்ஸ் என்றது.
சீல்.
அப்பளமாய்க் காய்ந்து, விளிம்பு உடைந்த சீல்.
அழுத்தம் கசியக் கசிய
பிளேட்டுகள் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கி
தம்மைத் தாமே தின்றிருக்கின்றன.

எந்த மடையன் கட்டினான் இதை
என்று உறையின் வாய்ப்பக்கம் தூசி துடைத்தேன்.
மஞ்சள் பெயின்ட் பேனாவில் ஒரு தேதி.
பக்கத்தில் 'ம'.
கடைசியில் தேவையில்லாமல் ஒரு கொக்கி போடும்
என் 'ம'.

குல்சாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
நல்லதாய்ப் போயிற்று.

அப்போது வண்டி வெள்ளை, இப்போது கரும்பச்சை.
புரோக்கர் ஒருவன் கொண்டுவந்தது.
பெருநாளுக்கு முந்தின இரவு,
சாமான் கடை மூடியிருந்தது.
திறந்திருந்தாலும் வாங்கியிருப்பேனா தெரியாது.
சீல் பதினான்கு திர்ஹம்.
பழையதையே எண்ணெய் தடவிப் போட்டு
இது தாங்கும் என்றேன்.
யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

புது பிளேட்டுகள் மத்தியானம் முழுக்க
எண்ணெயில் ஊறின.
புது சீலுக்கு வாஸ்லின் தடவி
விளிம்பு மடியாமல்
மெல்லிய கம்பியால் நெருடி உட்காரவைத்தேன்.
இடைவெளி அளந்தேன். மறுபடி அளந்தேன்.
காற்று அடித்தேன்: டப்.
தேவையே இல்லாமல் இன்னொரு தடவை:
டப்.

பழைய 'ம'வை அழிக்கவில்லை.
அதன் கீழே இன்னொன்று எழுதி, அன்றைய தேதி போட்டு
வண்டிக்குள் ஏற்றினோம்.

கூலி எவ்வளவு?
சாமானுக்கு மட்டும் கொடுங்கள்.
ஏன்?
ஆஃபர்.
ஆகஸ்டில் சனாயாவில் யார் ஆஃபர் போடுகிறார்கள்
என்று கேட்ட கண்களை நான் பார்க்கவில்லை.
நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

பக்ரி ரிவர்ஸ் போட்டார்.
சின்ன உதறல். பிடித்தது.
வெளியே போக முன்பக்கம் வழி இருந்தும்
சந்து முழுக்கப் பின்னாலேயே போனார்,
முழங்கை வெளியே, கழுத்தைத் திருப்பி,
டயர் கடை, கண்ணாடிக் கடை,
மாவு கையோடு வெளியே வந்து நின்ற பரோட்டா மாஸ்டர்
எல்லாரையும் தாண்டி.
தண்ணீர் லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அவரும் திருப்பி அடித்தார்,
நிறுத்தாமல்.