ஒரே டிரெய்லர்தான் இருந்தது

பத்து பெரிங்கியில் கடையைப் பிரித்துக்கொண்டோம்,
இருதயராஜும் நானும்.
பதினோரு வருஷம்.
நான்கு ஜெட் ஸ்கீ, ஆளுக்கு இரண்டு.
லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணிப் பிரித்து,
ஒற்றைப்படையாய் மிஞ்சியதை
ஐஸ் கச்சாங் விற்கும் ரொஸ்னாவிடம் கொடுத்தோம்.
மழைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.
டிரெய்லரை மட்டும்
அறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவனுடையவை மூன்று பேர் ஏறும் கனத்த வண்டிகள்.
என்னுடையவை பழசு, இலேசு,
ஒன்றின் மூக்கில் பசை ஒட்டு.
"பட்டர்வொர்த்தில் நான்தான் முதலில் இறங்கணும்.
என்னுடையது பின்னால் இருக்கட்டும்."
சரி என்று ஏற்றினேன்.
பிறகு அவனைக் கூப்பிட்டு
இழுவைக் கொக்கியை ஒரே கையால் தூக்கிக் காட்டினேன்.
காலிச் சட்டிபோல் வந்தது.

வால் கனத்தால் பாலத்தில் ஆடும்.
அவனுக்கும் தெரியும்;
கோபத்தில் தெரிந்தது எதுவும் கைக்கு வருவதில்லை.
நான்கையும் இறக்கி, மாற்றி ஏற்ற
ஒரு மணி நேரம் ஆனது,
"தள்ளு", "போதும்" தவிர
வேறு தமிழே இல்லாத ஒரு மணி நேரம்.

மூக்குக்கு ஒரு வார், வாலுக்கு இரண்டு.
பெட்ரோலை முன்பே வடித்திருந்தோம்.
சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டினேன்,
கழன்றால் மடியில் ஏந்திக்கொள்வதற்கு.
அவன் சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்,
என்னுடையவற்றையும்.
நான் டயருக்குக் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

தஞ்சோங் பூங்கா வரை
வளைவை அகலமாக எடுத்தேன்,
உள்சக்கரம் திண்டில் ஏறிவிடாமல்.
கண்ணாடியில் நான்கு மூக்குகள்
எங்கள் முதுகைப் பார்த்தபடியே வந்தன.
ஜெலுத்தோங் தாண்டிப் பாலத்தில் ஏறியதும்
ஏதோ ஒன்று முனகத் தொடங்கியது.
ஒரே சுருதி. மூச்சு விடாமல்.

வார்தான்.
முறுக்கு வைக்காமல் தட்டையாகக் கட்டினால்
காற்று அதை நரம்பாக்கிவிடும்.
கட்டியது யார் என்ற கேள்வி
கியருக்குப் பக்கத்தில்
மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.
பாலத்தில் நிறுத்தவும் முடியாது.

நடுக்கடலில் ஒரு கன்டெய்னர் லோரி
உரசுவதுபோல் கடந்தது.
அதன் காற்று தள்ளியது, பிறகு இழுத்தது.
இடுப்பில் உணர்ந்தேன்:
டிரெய்லர் இடம், வலம், மறுபடி இடம்.
"பிரேக்கைத் தொடாதே, வேணி."
ஆக்சிலேட்டரிலிருந்து காலை
அதற்குள் எடுத்துவிட்டிருந்தேன்.
ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து
வேகம் தானே வடியட்டும் என்று விட்டேன்.
எழுபது. அறுபது. ஐம்பத்தைந்து.
ஆட்டம் அடங்கியது.
முனகல் அடங்கவில்லை.

பிறையில் இறங்கி
ஓர் எண்ணெய் நிலையத்தில் ஒதுக்கினேன்.
அவன் வாரை அவிழ்த்து,
ஒரு முறுக்குக் கொடுத்து, மறுபடி இறுக்கினான்.
"நான் கட்டினதுதான்" என்றான்.
நான்தான் கட்டினேன் என்று
நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சக்கரக் குடங்களைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே வந்தேன்.
மூன்று வெதுவெதுத்தன.
இடப்பக்கம் பின்னது சுட்டது.
நாள் தவறாமல் கடலுக்குள் இறக்கி
கிரீஸுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்திருக்கும்,
எப்போதென்று யாருக்குத் தெரியும்.
அவன் தண்ணீர் போத்தலைத் திறந்தான்.
"ஊற்றாதே. சூட்டில் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.
தானாக ஆறட்டும்."

எவ்வளவு நேரம் ஆகும் என்றான்.
தெரியாது என்றேன்.
சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம்.
திறந்த போத்தலில் பாதியைக் குடித்துவிட்டு
என் பக்கம் நகர்த்தினான்.
எதிரே டிரெய்லர்.
அது யாருக்கு என்று
இன்னும் பேசவில்லை.