கட்டையோடி

படிவத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் என்றிருக்கிறது.
மைதானத்து வாய்களில் அது இன்னும் கட்டையோட்டம்.
பத்து மணிக்கே ஒட்டுசுட்டான் வெயில்
சுண்ணாம்புக் கோடுகளைத் தின்னத் தொடங்கிவிட்டது.
கடிகாரம் என் கையில். வேலை விநாடிகளோடு.
மனம் சொல்லோடு.

முதற் கட்டையோடி தபாற்காரன் என்கிறார் கிளாக்கர் அருமைநாயகம்:
வெள்ளைக்காரன் இலக்கம் வெட்டி நட்டவற்றில்
கட்டைக்குக் கட்டை சலங்கைத் தடியோடு ஓடியவனாம்,
யானைக்குக் கேட்கட்டும் என்று.
இல்லை, என்கிறது மாங்குளம் மரக்காலை:
பொறஸ்ற் ஜீப்பின் வெளிச்சம் கண்டு
முதிரைக் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினவன்தான்.
இரண்டுக்கும் சாட்சி இல்லை.
இரண்டிலும் ஒருவனுக்கு மூச்சிரைக்கிறது.

நான் படித்த காலத்தில் அது குள்ளனுக்குப் பட்டம்.
குள்ளன் நான்தான்.
ஒரு கோப்பை வாங்கியபின்
அதே பட்டத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள்.

பிறகு றோட்டு நிறையச் சனம்.
பாதை திறந்திருக்கிறதா என்று
ஒரு கட்டை முன்னால் ஓடிப் பார்த்துத்
திரும்பி வந்து சொல்பவன் கட்டையோடி.
திரும்பி வராதவனுக்கும் அதே பெயர்.
கட்டை என்பதற்கு அந்த மாதங்களில்
இன்னொரு பொருளும் இருந்தது.
அதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

றோட்டுக்குக் கிலோமீற்றர்க் கல் வந்தது.
எனக்குப் பிளாஸ்ரிக் கால் வந்தது.
இப்போது கட்டையோடி என்றால்
ஆடு மறித்தாலும் நிற்கிற
முல்லைத்தீவு பஸ்.

தொடக்கத்துக்கு இங்கே வெடி வைப்பதில்லை,
இரண்டு பலகையைச் சேர்த்து அடிக்கிறோம்.
காரணம் யாரும் கேட்டதில்லை.

எட்டுப் பிள்ளைகள். ஐந்து சுற்று.
வெறுங்காலோடு நிலக்சனா நாடாவை நெஞ்சால் அறுத்தாள்.
ஐந்து நிமிடம் இருபத்தொரு விநாடி.
அமத்தினேன். எழுதினேன்.
அவள் நிற்கவில்லை.
"பிள்ளை, முடிஞ்சுது!" என்று ஒலிபெருக்கி கத்துகிறது.
வளைவு தாண்டி, தண்ணீர் பவுசர் தாண்டி,
எல்லைப் பாலைமரத்தைத் தொட்டுவிட்டுத்தான்
முழங்காலில் கை ஊன்றினாள்.

"நூற்றொன்பது மீற்றர், சேர்.
கயிறு பிடிச்சு அளந்தனான்.
கட்டைக்கு அவ்வளவு குறையுது."
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
வியர்வை வழித்துக்கொண்டு கேட்கிறாள்:
"அதோட சேர்த்து எவ்வளவு, சேர்?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.
அது நாடாவிலேயே நின்றுகொண்டிருந்தது.