மூன்றாவது ஜெயில்

நார்வா பாலத்தை இரவு பதினொன்றுக்கு மூடுகிறார்கள்.
அக்கரைக் கோட்டையின் விளக்கு மட்டும்
யாரையும் கேட்காமல் ஆற்றில் விழுந்து
இக்கரை வந்துவிடுகிறது.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள் தைசியா.
ஒரே சர்வர், அதற்குள் பதினான்கு ஜெயில்.
அப்படித்தான் பெயர், அவள் வைத்ததல்ல.
உலகமே தான்தான் என்று ஒவ்வொன்றும் நம்புகிறது.

போன மாதம் மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியது.
மூன்றாவது ஜெயில் தானாக எழுந்து
தானாக வாய் திறந்து
வெந்நீர் மீட்டர் கணக்கை
இரண்டாம் தடவையும் அனுப்பிவிட்டது.
நூற்பாலைக் குடியிருப்பின் யெஃபீம் ல்வோவிச்
பில்லைக் கண்ணாடித் தடுப்பில் அழுத்திக் காட்டினார்:
"இரண்டு பேருக்கு வந்திருக்கிறது.
எனக்கு இருப்பது ஒரு உடம்பு."

உர்மாஸ் சொன்னான், திறந்தே இருக்கட்டும்,
தப்பு நடந்தால் மூடிக்கொள்ளலாம்.
மூடியே பிறக்கட்டும் என்றாள் அவள்,
வேண்டும்போது ஒரு கை வந்து திறக்கும்.
ஒரு வாரச் சண்டை.
கோப்பில் அது ஒரே வரி,
வரியில் ஒரே சொல்.

இன்று அந்தச் சொல்லை எழுதினாள்: டவுன்.
மூன்றாவதை நிறுத்தி, எழுப்பி,
உள்ளே போய் வெளியே கூப்பிட்டாள்.
பிங்.
வழியில்லை.
பிங்.
வழியில்லை.
இத்தனை வருஷத்தில் இந்தப் பிழைக்கு
அவள் சிரித்தது இதுதான் முதல் முறை.

பிறகு அதன் சொந்த முகவரிக்கே ஒரு பிங்.
சொடுக்கும் நேரத்தில் பதில்.
அந்த ஒரு தெருவை மட்டும் திறந்து விட்டிருக்கிறாள்.
தன்னோடு பேசக்கூட விடாவிட்டால்
உள்ளே எதுவும் எழுந்து நிற்பதில்லை.

இரண்டே முக்காலுக்கு மறுபடி கண் சிமிட்டல்.
ஃபோனில் உர்மாஸ்:
"பதினான்கும் உயிரோடு இருக்கிறது.
ஒன்றும் பேசமாட்டேன் என்கிறது."
குரலில் கொஞ்சம் சந்தோஷம்.

வெளியே மைனஸ் பதினொன்று.
இரவு உடைக்கு மேல் கோட்டு,
கால் மாறிய பூட்ஸ்.
ஒன்று: முகவரி பார்த்தாள், திறந்தாள்.
இரண்டு: பார்த்தாள், திறந்தாள்.
மூன்றில் விரல் நின்றது.

பாலத்து வாசலில் பெட்டியோடு சிலர்
இப்போதே வரிசையில்.
ஒருவர் சிகரெட் பற்றவைத்தார்,
அடுத்தவருக்கும் தீ கொடுத்தார்.
கதவு திறக்க இன்னும் நாலு மணி நேரம்.

மூன்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று
நான்குக்குப் போனாள்.