இடக்கை முடிச்சு

துரோம்சோவில் நவம்பர் முடிகிறது.
பகல் பதினொரு மணிக்கும் சன்னலில் நீலம்தான்.
திரையில் ஒரு படிவம்:
உங்கள் வழிகாட்டியிடம் எவ்வளவு நிறைவு?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.

முதலில் வாய்த்தவருக்கு
இரண்டாம் ஆண்டுவரை என் பெயர் நிற்கவில்லை.
நொட்டாங்கைக்காரி என்பார்.
வலக்கையர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல்
என் கையில் நூலை மென்றது,
அறுக்கவில்லை.
மென்றதும் என் குற்றமே.

பிறகு அஸ்லாக்.
எனக்கு முப்பத்தொன்பது, அவருக்கு முப்பத்தைந்து.
முதல் நாளே மேசையைச் சுற்றி நடந்து
எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்,
ஏன் என்று சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, காபி அறையில்,
நாற்காலி முதுகில் நூலைச் சுற்றி
இடக்கையால் முடிச்சுப் போட்டுக் காட்டினார்,
நாக்கைக் கடித்தபடி, அவ்வளவு மெதுவாக.
நான் இழுத்துப் பார்த்தேன்.
அவிழ்ந்தது.
"இரண்டு வாரமாகக் குளிர்பெட்டிக் கைப்பிடியில் பழகுகிறேன்.
பால் எடுக்க முடியவில்லையென்று
மகள் திட்டுகிறாள்."

ஓட்வார் மிர்னெஸ்
மேசையிலேயே போன இரவு
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை அவர்.
"கிளாம்ப் போட நான்கு நிமிடம் தாமதம்.
இரண்டு உன்னுடையது.
இரண்டு என்னுடையது,
உன் கையிலிருந்து வாங்கவா வேண்டாமா என்று
யோசித்து நின்றது."

மிர்னெஸின் மனைவியிடம் நான்தான் பேசினேன்.
அவர் எனக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்,
அவ்வளவே.

விடிகாலை நான்கு மணி, வாகன நிறுத்தம்.
என் கார்க் கண்ணாடியில் கல்லாய் உறைந்த பனி.
அவர் அந்த ஓரத்திலிருந்து வலக்கையால்,
நான் இந்த ஓரத்திலிருந்து இடக்கையால்
சுரண்டிக்கொண்டே வந்தோம்,
நடுவில் இடித்துக்கொள்ளும்வரை.
மறுநாள் பித்தப்பை ஒன்று இருந்தது.
"நீ செய்," என்றார்.

படிவம் கேட்கிறது:
சந்திப்புகள் எத்தனை?
ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்?
எழுதிவைத்த இலக்குகள் உண்டா?
சுரண்டிய பனிக்குக் கட்டம் இல்லை.
வாங்காமல் நின்ற இரண்டு நிமிடத்துக்கும் இல்லை.
அதை நிறைவு என்று எழுதலாமா என்றும்
எனக்குத் தெரியவில்லை;
ஒரு மனிதர் இறந்துபோனார்.

நான்கில் வட்டமிட்டேன்.
ஐந்து போட்டிருக்கலாம்தான்.
ஆனால் கணக்கைக் கணக்காகச் சொல்லப்
பழக்கியவர் அவர்.
அந்த முடிச்சு
அவிழ்ந்துதானே போனது.