பதினாலாம் நம்பர் முட்டி

லாட்ஜைக் காலி செய்கிறவர்கள்
எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.
ஒற்றைச் செருப்பு, பம்ப் அடைத்த ஸ்டவ்,
கடுகெண்ணெய் வாசம் போகாத பாட்டில்,
பெரிய உறையில் எலும்புப் படம்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து, மூன்று மாடி.
பெருக்குவது நான்.

பள்ளிக்கூட மைதானத்தில் பத்து நாள் பட்டறை,
ஊரே சேர்ந்து சிலை செய்கிறது,
குப்பை இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள்.
குப்பைக்கா பஞ்சம்.
கோணியை இழுத்துக்கொண்டு போனேன்.

சொல்லித்தர வந்த சிற்றரசு, பறவை என்றார்.
"பறவ நிக்காது சார், காத்தடிச்சா சாஞ்சிடும்"
என்றான் வெல்டிங் இம்தியாஸ்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து
தோல் துண்டு மூட்டையோடு வந்த லேயா
ஆள் செய்யலாம் என்றாள்.
அரை நாள் சண்டை.
தண்ணீர் கேன் வந்தபிறகு
ஆள் என்று முடிவாயிற்று.

சைக்கிள் ரிம் விலா. ஸ்டவ் நெஞ்சு.
மேலெல்லாம் எக்ஸ்ரே,
யாருடைய முதுகோ யாருடைய கையோ
கத்தரித்துக் கம்பியில் கோத்தோம்.
பெயர் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடுங்கள் என்றார் சிற்றரசு.
பிள்ளைகள் வெட்டிக்கொண்டே வந்தார்கள்.
ஒரு படத்தை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

பதினாலாம் நம்பர். மால்டாக்காரர்.
நாற்பது நாள் இருந்தார்.
என் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு எனக்கு.
தரை துடைக்கையில் வலது காலைத் தூக்கிக்கொள்வார்.
இடதைத் தூக்க முடியாது,
சுற்றித் துடைப்பேன்.
கிளம்பியது ராத்திரியில்.
குணமாகியா, காசு தீர்ந்தா,
வேறெப்படியுமா
ரெஜிஸ்டரில் 'காலி' என்றுதான் இருக்கிறது.

"இன்னாக்கா, குடு. எடது முட்டிக்கு ஒண்ணு கொறையுது."
மடித்து இடுப்பில் செருகியிருந்தேன்.
இம்தியாஸ் ரெண்டு தரம் கேட்டான்.
மறுநாள்தான் கொடுத்தேன்,
ஓரத்தை வெட்டக்கூடாது என்று சொல்லி.
சிற்றரசு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பஸ் ஸ்டாண்டு திரும்பும் முனையில் நிற்கிறது.
பின்னாலிருந்து லாரி வெளிச்சம் அடித்தால்
முப்பது பேர் எலும்பு
ஒரே ஆளாக எரிகிறது.
ரயிலிறங்கி வருகிறவர்கள் பெட்டியோடு நின்று பார்க்கிறார்கள்.
ஒருத்தர் குனிந்து, முட்டியிலிருந்த பெயரை
வாய்விட்டுப் படித்தார்.
நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த பெயர்
அப்படித்தான் சொல்லவேண்டும் போல.

போன மழைக்கு ஓரம் சுருண்டிருந்தது.
வேலைக்குப் போகிற வழியில் நீவிவிட்டேன்.
துடைப்பம் கையில்தான் இருந்தது.
அடியில் கிடந்த டீ கப்புகளைக் கூட்டினேன்,
அந்தக் காலைச் சுற்றி.