ஒருவேளை மேசை

தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடி, ஓல்ட்டன்.
நவம்பர் இரண்டாம் சனி. ஐந்து மேசைகள்.
ஐந்தாவதில்
நடக்காத சரித்திரத்தின் விமானங்கள்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை வைக்க வேண்டும்:
சரித்திரம் எந்த இடத்தில் திரும்பியது,
எண்பது சொல்லுக்குள், ஜெர்மன் மொழியில்.

உர்ஸ் கொண்டுவந்தது
வரைபடத் தாளைவிட்டு எழும்பாத ஒரு ஜெட்.
சிறகு முன்பக்கம் வளைந்திருக்கிறது.
அதன்மேல் சுவிஸின் சிவப்பு வெள்ளைப் பட்டிகள்,
முடி பிளந்த ஒழுங்கில்.
‘நாற்பத்தைந்தில் முடியாமல் போர்
இன்னும் இரண்டு வருடம் நீண்டிருந்தால்...’
அடுத்த அட்டையிலும் நீண்டிருந்தால்.
அதற்கடுத்ததில் நாற்பத்தொன்பது வரைக்கும்.
நல்ல மனிதர்கள். ஒருவர் பல் வைத்தியர்.
எறும்பையும் மிதிக்காதவர்கள்.
என்றாலும் புதிதாக ஒரு சிறகு வேண்டுமென்றால்
போர் கொஞ்சம் நீளத்தான் வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்குத் தனிச்சொல் கிடையாது என்று
உர்ஸுக்கு ஒருமுறை சொன்னேன்.
வினையின் வாலில் ஒட்டுகிற ஓர் ‘ஆல்’, அவ்வளவுதான்.
பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
அவனுக்கு அது பிடித்துப்போனது.
ஆல், ஆல் என்று
காபி இயந்திரம்வரை சொல்லிக்கொண்டு போனான்.

என்னுடையது இத்தாலியப் பயிற்சி விமானம்.
சியாமாசெட்டி. ஒன்றுக்கு எழுபத்திரண்டு.
பெட்டிக்குள் மூன்று சட்டங்களில் பாகங்கள்.
மூன்றாம் சட்டம் முழுக்கக் குண்டும் ரொக்கெட்டும்.
அதில் கத்தி வைக்கவில்லை.

பொம்மர் என்போம் நாங்கள்.
பொம்மை என்று தொடங்கிக்
கடைசியில் மனம் மாறிய சொல்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரவு வேலை எனக்கு.
கடைசிப் பூச்சுக் காய்ந்த விடியலில்
அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்
தரையில் மல்லாந்து பார்த்தேன்.
இரண்டு மீட்டர்.
எழுபத்திரண்டால் பெருக்க நூற்று நாற்பத்துநான்கு.
அன்றைக்கும் அவ்வளவுக்குத்தான் பதிந்தது.
‘ட’ வடிவத்தில் பங்கர்.
நீளக் கோட்டில் நாங்கள் ஆறு பேர்,
குறுங்கோட்டில் சிவயோகத்தின் ஆடு.
ஆட்டை இறக்கிவிட்டுக்
குட்டியை எடுக்கப் போனாள்.

இல்லை, அந்த இடத்தில் நான் திருப்பவில்லை.
அங்கே திருப்பினால் ஒரு குட்டி ஆடுதான் மிஞ்சும்,
விமானம் அப்படியே நிற்கும்.
வெகு முன்னால் போய்,
கடல் தாண்டி,
ஒரு விற்பனைக் கூடத்தில் திருப்பினேன்.
என் அட்டையில் நாலே சொல்:
இதை ஒருவரும் வாங்கவில்லை, ஐயா.

ரெகுலா நடுவர்.
நெற்றியில் விளக்கு, கையில் பூதக்கண்ணாடி.
‘இதில் எது மாறியிருக்கிறது?’
மஞ்சள், பெட்டிக்காரன் சொன்ன மஞ்சள்.
இலக்கம், பெட்டியில் கிடந்த இலக்கம்.
கீழே குனிந்து வயிற்றைப் பார்த்தாள். வெறும் வயிறு.
‘மன்னிக்க வேண்டும்,
இது சாதாரண விமானம்.
மூன்றாம் மேசைக்குரியது.’
ஏற்பு ஊசி போட்ட குழந்தையைப் போல
இரண்டு கையாலும் ஏந்திப் போனாள்.
அங்கே இடதுசிறகின் அடியில் ஒட்டுக்கோடு தெரிகிறதாம்.
ஏழாமிடம்.
சரியான தீர்ப்பு. கோடு தெரியத்தான் செய்தது.

போகும்போது உர்ஸ் படியில் மறித்தான்.
அவன் ஜெட்டுக்குக் கீழே கொஞ்சம் வெறுமையாக இருக்கிறதாம்.
‘அந்த மூன்றாம் சட்டம்
உனக்குத் தேவைப்படாவிட்டால்...’
தேவைப்படுகிறது என்றேன்.
எதற்கென்று கேட்கவில்லை. நாகரிகமானவன்.

ஆரே ஆற்றுப் பாலத்தில் மூடுபனி.
விளக்குக்கம்பங்களுக்குத் தலையில்லை.
இப்படி முகில் இறங்கிய நாளில் அது வராது,
நிம்மதியாய்ச் சோறு வடிக்கலாம்.
உள்பைக்குள் சட்டம் விலாவில் குத்துகிறது.
ஆற்றில் பிளாஸ்டிக் எறிந்தால்
அபராதம் என்று பலகை.
எறிந்தால்.