நுனிப்புல்

எங்கள் ஊரின் பெயரும் ரோமா.
மணற்கல் மலைகள் சுற்றி நிற்கும்,
ஏழா என்று எண்ணியதில்லை.
நடுவே பல்கலைக்கழகம்,
கீழ்வாசலில் ஆடுகள்.

இங்கே உட்கார்ந்து நான் படிப்பதோ
அந்த இன்னொரு ரோமின் சட்டம்.
அங்கே பிறந்து, டச்சுக்காரர் வீட்டில் வளர்ந்து,
கப்பலேறிக் கேப் துறையில் இறங்கி,
மூச்சிரைக்க மலையேறி
லெசோத்தோ வந்து சேர்ந்த கிழம்.
இன்னும் லத்தீனில்தான் இருமுகிறது.

இரண்டாம் ஆண்டு. மே மாதம்.
புல்லெல்லாம் உறைபனி.
மறுநாள் தீங்கியல் தேர்வு.
விடுதிச் சுவரோரம் வெயிலோடு நகர்ந்து நகர்ந்து
லிபுசெங்கும் நானும் படித்துக்கொண்டிருந்தோம்.
படித்தோம் என்பது எங்கள் தரப்பு வாதம்.
அவள் என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்;
நான் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்,
ஏறக்குறைய எல்லா வரிகளுக்கும்.

பின்னல் முடிந்து கண்ணாடி பார்க்க உள்ளே போனோம்.
நான்கு நிமிடம்.
பத்து என்கிறாள் லிபுசெங்.
திரும்பி வந்தால்
மாலெரத்தோவின் வெள்ளாடு
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை
தின்று முடித்து
நாற்பத்தேழை முகர்ந்துகொண்டிருக்கிறது.

நாற்பத்தொன்றாம் பக்கம்:
பிறர் நிலத்தில் புகுந்து மேய்ந்த கால்நடைக்காக
உடையவர் தரவேண்டிய ஈடு.

ஒரு பருவம் முழுக்க நான் நுனிப்புல் மேய்ந்ததை
அது வேரோடு முடித்திருந்தது.

லிபுசெங் சிரித்துச் சிரித்து விக்கினாள்.
பிறகு வழக்குரைஞராகவே மாறினாள்:
காகிதம் மேய்ச்சலாகுமா?
தாள் என்றால் கதிரறுத்த தட்டையும்தானே?
காகிதம் தின்பது ஆட்டின் இயல்பா, இயல்புக்கு மாறா?
இயல்பு என்றால் ஒரு விதி,
மாறு என்றால் வேறொரு விதி.
வேறு விதி நாற்பத்துநான்கில் இருந்தது.

வாசலுக்குப் போனேன்.
மாலெரத்தோ எண்ணெய்ச் சட்டியில்
மாவுருண்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
வாதியாக நின்று சொன்னேன், லத்தீன் உட்பட.
ஒரு சொல்கூட குறுக்கிடாமல் கேட்டாள்.
எங்கள் அண்ணனின் ஏழு செம்மறி களவுபோனபோது
காவல் நிலையத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.
அந்தக் கோப்புக்கு இப்போது மூன்று வயது.

"உன் புத்தகமா?"
"நகல்."
"யார் புத்தகத்தின் நகல்?"
நான் எண்ணெயைப் பார்த்தேன்.
"எழுதினவருக்குக் காசு கொடுத்தாயா?"
எண்ணெய் பொரிந்தது.
"வெள்ளிக்கிழமையிலிருந்து
பதினெட்டு மலோட்டி பாக்கி வைத்திருக்கிறாய்.
அந்த மஞ்சள் மை உள்ளே போய்
என் ஆட்டுக்கு வயிறு கெட்டால்
நான் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?"

எதிர்வழக்கு.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் படிக்கவில்லை,
அடுத்த ஆண்டுதான்.

பேசித் தீர்த்தோம்:
பாக்கியில் பன்னிரண்டு தள்ளுபடி,
சூடாக இரண்டு உருண்டை,
ஆட்டின் மீது குறையில்லை என்று என் வாய்மொழி.
உருண்டைகளைச் சுற்றித் தந்த காகிதத்தில்
போன ஆண்டு யாரோ எழுதிய ஒப்பந்தச் சட்டக் குறிப்பு.
எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும்
எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

தேர்வில் வந்தே விட்டது அந்தக் கேள்வி.
அ என்பவரின் ஆடு, இ என்பவரின் தோட்டம்,
முட்டைக்கோசு.
எல்லோரும் இ பக்கம் எழுதினார்கள்.
நான் அ பக்கம் எழுதினேன், மூன்று பக்கம்:
இ-யின் வேலி எங்கே?
அந்த முட்டைக்கோசின் விதை யாருடையது?
இ-க்கு அ-விடம் பழைய கடன் உண்டா?
பேனா நிற்கவே இல்லை.

ஐம்பத்து நான்கு மதிப்பெண்.
ஓரத்தில் பேராசிரியர் பகோவேயின் சிவப்பு மை:
'வாதம் நன்று. ஆதாரம் எங்கே?'

கீழ்வாசலில்
வெயிலில் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருக்கிறது, ஐயா.